ஐந்து நிமிட வேலைக்கு என்ன கூலி?

வண்டி நாலு கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும். ஐந்தாவது கிலோமீட்டரில் திணறும், இருமும், நின்றுவிடும். ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால், எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பும். மறுபடி நாலு கிலோமீட்டர். மறுபடி இருமல்.

பெங்களூர் சிவாஜிநகரின் சந்துகளில் இருக்கும் மோட்டார் சைக்கிள் ஒர்க் ஷாப்களுக்கு இந்தப் புகார் புதிதல்ல. இப்படி வருகிற பழைய கார்புரேட்டர் வண்டி பெரும்பாலும் வேறு இரண்டு மூன்று கடைகளைப் பார்த்துவிட்டு வந்ததாக இருக்கும். ஸ்பார்க் பிளக் புதிது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாகிவிட்டது. இக்னிஷன் காயிலையும் மாற்றியாகிவிட்டது. சொந்தக்காரர் கையில் பில்கள் சேர்ந்திருக்கும். கோளாறு மட்டும் போயிருக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய வேதனை, மெக்கானிக் முன்னால் வண்டி தங்கமாக நடந்துகொள்வதுதான். நிற்கிறது என்று சொன்னவர் பொய் சொன்னவர்போல விழிக்க வேண்டியிருக்கும்.

அனுபவப்பட்ட மேஸ்திரி ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்பார்.

"நின்னதும் நீ என்ன பண்ணுவே தம்பி?"

"பெட்ரோல் இருக்கான்னு மூடியைத் திறந்து பார்ப்பேன், பாய்."

"பார்த்ததும் கிளம்பிடுதா?"

"ஆமா."

அவ்வளவுதான். பெட்ரோல் டாங்க்கின் மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பக் காற்று அதன் வழியாகத்தான் நுழைய வேண்டும். தூசியும் துருவும் சேர்ந்து துளை அடைத்துக்கொண்டால் டாங்க்குக்குள் வெற்றிடம் உருவாகும். பெட்ரோல் கீழே இறங்க மறுக்கும். கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்ததும் எஞ்சின் நின்றுவிடும். மூடியைத் திறந்த மாத்திரத்தில் காற்று புகுந்துவிடும், கோளாறும் மறைந்துவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எல்லா மெக்கானிக்குகளும் செய்யும் முதல் காரியம். அதாவது, விசாரணை தொடங்கும் நிமிடத்திலேயே குற்றவாளி தப்பித்துக்கொண்டிருந்தான்.

ஒரு குண்டூசி, கொஞ்சம் காற்று. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். "எவ்வளவு பாய்?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் வாடிக்கைக்காரரின் முகம் மாறும். காயில் மாற்றியவருக்கு முணுமுணுக்காமல் ஆயிரக்கணக்கில் கொடுத்த அதே மனிதர், ஊசியால் குத்தியதற்கா இவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்.

பழுது பார்க்கும் தொழிலின் மிகப் பழைய வழக்கு இது. கோளாறு பெரிதாக இருந்தால் காரணமும் பெரிதாக இருக்க வேண்டும், காரணம் பெரிதாக இருந்தால்தான் கூலியும் பெரிதாக இருக்கலாம் என்று மனிதர்கள் நம்புகிறார்கள். இரண்டுமே தப்பு. இந்த இரண்டு தப்புக்கும் அவர்கள் கொடுக்கும் விலை பணம் மட்டுமல்ல.

சந்துக்குள் ஒரு கல்லூரி

சிவாஜிநகர் இந்த வழக்கை விசாரிக்கப் பொருத்தமான இடம். 1809ல் பிரிட்டிஷார் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தபோது, மதராஸ் பட்டாளத்தோடு வந்த தமிழர்களும் அவர்களுக்குப் பண்டம் விற்க வந்தவர்களும் குடியேறிய பகுதிகளில் இதுவும் ஒன்று. செயின்ட் மேரீஸ் பஸிலிக்காவும், ரஸ்ஸல் மார்க்கெட்டும், பௌரிங் ஆஸ்பத்திரியும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் நிற்கின்றன. தமிழும் தக்கினி உருதுவும் கன்னடமும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும் வட்டாரம். பழைய கார்களைப் பிரித்துச் சாமான்களாக விற்கும் கடைகளுக்கும் பெயர் போனது. கம்பெனிக்காரர்கள் தயாரிப்பை நிறுத்திப் பல வருஷமான ஒரு கதவுப் பிடியோ, கியர் பெட்டியோ, கண்ணாடியோ வேண்டுமென்றால் பெங்களூர்வாசிகள் முதலில் தேடிப்போவது இங்கேதான்.

இப்படிப்பட்ட ஒர்க் ஷாப்பில் வேலை பழகும் பையன் பல வகை வண்டிகளின் கோளாறைப் பார்த்துவிடுகிறான். புத்தகம் கிடையாது. கேட்பது, முகர்வது, தொட்டுப் பார்ப்பதுதான் பாடம். சாமானை மாற்றுவது சுலபம், எதை மாற்ற வேண்டாம் என்று தெரிந்துகொள்ள வருஷங்கள் ஆகும் என்பதே அந்தப் படிப்பின் சாரம்.

காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். பாட்டரி புதிது. ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றியாகிவிட்டது. ஹார்ன் அடிக்கிறது, உள்விளக்கு எரிகிறது. எனவே மின்சாரத்தில் குறை இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டியிருப்பார்கள். அந்த முடிவில்தான் ஓட்டை. பாட்டரியிலிருந்து வரும் எர்த் கேபிள் வண்டியின் உடலில் முடுக்கப்பட்டிருக்கும் இடத்தில் துரு பிடித்திருந்தால் அது 0.02 ஓம் அளவுக்கு மட்டுமே தடை தரலாம். ஹார்ன் இழுப்பது 5 ஆம்பியர் என்றால் அந்தத் துருவில் இழப்பது 0.1 வோல்ட். யாருக்கும் தெரியாது. ஸ்டார்ட்டர் இழுப்பதோ 150 ஆம்பியர் போல. அதே துருவில் 3 வோல்ட் வழியிலேயே காணாமல் போய்விடும். 12 வோல்ட் பாட்டரிக்கு இது கால் பங்கு நஷ்டம். மோட்டார் சுழலத் தெம்பில்லாமல் 'டிக்' என்பதோடு நின்றுவிடும்.

தெரிந்தவர் செய்வது இதுதான்: மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் உடம்பிலும் வைத்துவிட்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்வார். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் எங்கோ அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு உப்புத்தாள், ஒரு ஸ்பேனர் போதும். கழற்றி எறிந்த ஸ்டார்ட்டர் மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும். சில சமயம் அதே மோட்டார் ரீகண்டிஷன் சரக்காக இன்னொருவர் தலையில் கட்டப்பட்டிருக்கும்.

ராக்கெட்டில் தூசி, மாட்டு வண்டியில் செயற்கைக்கோள்

இதெல்லாம் படிக்காத மெக்கானிக்குகளின் உலகம், பெரிய விஞ்ஞானத்தில் இப்படி நடக்காது என்று நினைக்கக் கூடாது. 1979 ஆகஸ்ட் 10ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3 கிளம்பியது. 23 மீட்டர் உயரம், 17 டன் எடை. திட்ட இயக்குநர் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம். முதல் கட்டம் கச்சிதமாக வேலை செய்தது. இரண்டாவது கட்டத்தில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்து, சில நிமிடங்களில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பல வருஷ உழைப்பு கடலுக்குள் போனது.

விசாரணையில் தெரியவந்த காரணம் ஒரு வால்வு. இரண்டாவது கட்டத்தின் திசையைக் கட்டுப்படுத்தும் அமைப்புக்கு நைட்ரிக் அமிலம் தேவை. ராக்கெட் கிளம்புவதற்கு 8 நிமிடங்களுக்கு முன் கட்டளை கிடைத்துத் திறந்த ஒரு சோலினாய்டு வால்வு, உள்ளே புகுந்திருந்த அழுக்கினால் சரியாக மூடிக்கொள்ளவில்லை. அமிலம் கசிந்து தீர்ந்துபோனது. இரண்டாவது கட்டத்தைத் திருப்ப வேண்டிய நேரத்தில் திருப்ப எதுவும் மிச்சமில்லை. ராக்கெட்டின் வடிவமைப்பில் தவறில்லை. கணக்கில் தவறில்லை. பெட்ரோல் மூடியில் சிக்கிய தூசிக்கு அண்ணன் அது.

எப்படி விசாரித்தார்கள் என்பது இதைவிட முக்கியம். ராக்கெட்டையே புதிதாக வடிவமைக்க வேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை. பறப்பின்போது கிடைத்த தகவல்களை வரிசையாக வைத்து, எந்த நொடிவரை எல்லாம் சரியாக இருந்தது, எந்த நொடியில் எது குறைந்தது என்று பின்னோக்கி நடந்தார்கள். குறையைச் சரிசெய்து அடுத்த ராக்கெட்டை 1980 ஜூலை 18ல் அனுப்பினார்கள். ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் ஏறியது. காரணம் சிறியது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டிருந்தால் அந்த ஒரு வருஷம் பல வருஷங்களாகியிருக்கும்.

இன்னொரு சம்பவம் பெங்களூரிலேயே நடந்தது. அதன் புகைப்படம் உலகப் பிரசித்தம்: மாட்டு வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் 'ஆப்பிள்' செயற்கைக்கோள். இந்தியாவின் முதல் சோதனைத் தகவல் தொடர்புச் செயற்கைக்கோளான அதன் திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகம். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், லாரி வாங்கக்கூட வக்கில்லாத ஏழை நாடு விண்வெளிக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மை வேறு. ஆண்டெனாவைத் திறந்தவெளியில் வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. உலோகத்தாலான லாரியின் மேல் வைத்தால் லாரியின் உடம்பே ரேடியோ அலைகளில் குறுக்கிட்டு அளவுகளைக் குழப்பிவிடும். மரத்தாலான மாட்டு வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. வண்டி வாடகைக்குப் பிடிக்கப்பட்டது, சோதனை முடிந்தது. 1981 ஜூன் 19ல் ஏரியன் ராக்கெட்டில் ஆப்பிள் விண்ணுக்குப் போனது. அங்கே அதன் சூரியப் பலகைகளில் ஒன்று விரிய மறுத்தபோதும், இருந்ததை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை செய்தது.

இந்தக் கதையில் சிவாஜிநகர் மேஸ்திரிக்கும் ஒரு பாடம் உண்டு. அளவு தப்பாக வருகிறது என்றால் பொருளில்தான் குறை என்று இல்லை. பொருள் உட்கார்ந்திருக்கும் இடம் பொய் சொல்லலாம். அளக்கும் கருவியும் பொய் சொல்லலாம்.

ஏழு மணிக்கு வரும் பிசாசு

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் அபர்ஹோசன் என்று ஒரு குக்கிராமம். அங்கே தினமும் காலை 7 மணியானால் இன்டர்நெட் படுத்துவிடும். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 18 மாதங்கள். லைன்களைப் பராமரிக்கும் கம்பெனி ஆட்கள் பலமுறை வந்தார்கள். கேபிள்களைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். பயனில்லை. கடைசியில் ஒரு குழு, ரேடியோ அலைகளை மோப்பம் பிடிக்கும் கருவியுடன் விடியற்காலையில் மழையில் தெருத்தெருவாக நடந்தது. 7 மணிக்குக் கருவி கத்தியது. ஒரு வீட்டில் பழைய டெலிவிஷன் பெட்டி. காலையில் அதைப் போட்டதும் அதிலிருந்து கிளம்பிய மின்சார இரைச்சல் ஊர் முழுவதற்கும் இன்டர்நெட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் கூனிக்குறுகிப் போனார். இனி அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். 2020 செப்டம்பரில் இந்தச் செய்தி வெளியானது.

அந்தக் கிராமத்துக்குத் துப்பு முதல் நாளிலிருந்தே கையில் இருந்தது. தினமும் ஒரே நேரத்தில் வருகிற கோளாறு கேபிளில் இருக்க வாய்ப்பு குறைவு. கேபிளுக்குக் கடிகாரம் தெரியாது. மனிதர்களுக்குத்தான் தெரியும். 7 மணிக்கு யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருந்தால் பாதி வழி வந்திருக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற இடத்தில் 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. 1998லிருந்து அதில் அவ்வப்போது விநோதமான சிக்னல்கள் விழுந்தன. வானத்திலிருந்து வருவது போலவே இருக்கும், ஆனால் பூமியைச் சேர்ந்தது என்ற சந்தேகமும் இருந்தது. 2015ல்தான் முடிச்சு அவிழ்ந்தது. அங்கே வேலை செய்பவர்கள் பொறுமையில்லாமல், மைக்ரோவேவ் அடுப்பு தானாக நிற்பதற்குள் கதவைத் திறந்துவிடுவார்கள். அந்த ஒரு நொடியில் வெளியே தப்பும் அலைதான் டெலஸ்கோப்பின் காதில் விழுந்துகொண்டிருந்தது. சிக்னல்கள் பகல் வேளையில், குறிப்பாகச் சாப்பாட்டு நேரத்தையொட்டி அதிகம் வந்தன என்பது இங்கும் துப்பாக இருந்தது.

இத்தாலியில் 2011 செப்டம்பரில் நடந்தது இன்னும் பெரிய பரபரப்பு. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கிரான் சாஸோ சுரங்கத்துக்கு அனுப்பப்பட்ட நியூட்ரினோ துகள்கள், ஒளியைவிட 60 நானோசெகண்டு முன்னதாக வந்துவிட்டதாக 'ஆபரா' குழு அறிவித்தது. ஐன்ஸ்டைன் தோற்றுவிட்டாரா என்று பத்திரிகைகள் கேட்டன. எங்கே தப்பு என்று எங்களுக்குத் தெரியவில்லை, நீங்களும் பாருங்கள் என்றுதான் அந்த விஞ்ஞானிகள் உலகத்தைக் கேட்டுக்கொண்டார்கள். 2012ன் தொடக்கத்தில் பதில் கிடைத்தது. நேரத்தைக் கொண்டுவரும் கண்ணாடி இழை கேபிளின் இணைப்பு முழுமையாக முடுக்கப்படவில்லை. ஐன்ஸ்டைன் பிழைத்தார். ஒரு ஸ்க்ரூ அவரை ஆறு மாதம் கூண்டில் ஏற்றி வைத்திருந்தது.

இருந்தாலும் 'ஆபரா' குழுவைப் பார்த்துச் சிரிப்பது நியாயமல்ல. தங்கள் அளவை நம்ப முடியவில்லை என்று அவர்களே சொன்னார்கள். தேடலை நிறுத்தவுமில்லை. கண்டுபிடித்தபின் மறைக்கவுமில்லை. சின்னக் காரணத்தைச் சபையில் ஒப்புக்கொள்வதற்குப் பெரிய காரணத்தை அறிவிப்பதைவிட அதிகத் தைரியம் வேண்டும்.

மேஸ்திரியின் வழிமுறை

நோய் எது, அதற்கு மூலம் எது, தீர்க்கும் வழி எது என்று வரிசையாகப் பார்த்த பிறகே வைத்தியம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் முறை வகுத்திருக்கிறார். இயந்திர வைத்தியத்துக்கும் அதுதான் முறை. நல்ல மேஸ்திரிகள் கடைப்பிடிக்கும் வழக்கங்களை எழுதிப் பார்த்தால் நாலைந்துக்குமேல் தேறாது.

முதலாவது, எப்போது என்று கேட்பது. சூடானாலா, குளிர்ந்தாலா, மழை பெய்தாலா, ஏற்றத்திலா, காலை 7 மணிக்கா? கோளாறுக்கு நேரமும் இடமும் கிடைத்துவிட்டால் காரணம் கிட்டத்தட்ட மாட்டிக்கொண்டது.

இரண்டாவது, கடைசியாக என்ன மாறியது என்று கேட்பது. நேற்றுவரை ஓடிய வண்டி இன்று ஓடவில்லை என்றால், இடையில் யாரோ எதையோ தொட்டிருக்கிறார்கள். வாட்டர் சர்வீஸ் செய்தது, புது ஹார்ன் போட்டது, எலி புகுந்து வயரைக் கடித்தது என்று ஏதாவது ஒன்று.

மூன்றாவது, விலை குறைந்ததை முதலில் பார்ப்பது. இணைப்பு, ஃப்யூஸ், எர்த், அழுக்கு, அடைப்பு. இவற்றைப் பார்க்கச் செலவே இல்லை. பார்த்து முடிக்கும்வரை விலை உயர்ந்த சாமானைத் தொடக் கூடாது.

நாலாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பிளக்கையும் காயிலையும் ஒன்றாக மாற்றிவிட்டு வண்டி ஓடினால் எதனால் ஓடியது என்று தெரியாது. தெரியாத வைத்தியம் திரும்பி வரும்.

ஐந்தாவது, மாற்றியும் குணமாகவில்லை என்றால் பழைய சாமானையே திரும்பப் போடுவது. இதுதான் மிகவும் கஷ்டமான வழக்கம். ஏனென்றால், முதல் ஊகம் தப்பு என்று வாடிக்கைக்காரர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டிலும் இதே முறை செல்லும். மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டால், மோட்டார் எரிந்துவிட்டது என்று தீர்மானிக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் பார்க்கலாம். அடியில் பெரும்பாலும் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். மாவு கெட்டியாகி மோட்டார் திணறும்போது காப்பாற்றுவதற்காக அது தானாக வெளியே வந்துவிடும். அழுத்தினால் போதும். மெதுவாகச் சுற்றும் மின்விசிறிக்கு, மோட்டாரைவிடக் கெப்பாசிட்டர்தான் அடிக்கடி காரணம். டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லையா? அதன் நுனியை செல்போன் காமிராவுக்கு நேராகப் பிடித்து அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத ஒளி பல காமிராக்களில் புள்ளியாக மினுக்கும். மினுக்கினால் ரிமோட்டில் குறையில்லை, டி.வி.யைத்தான் பார்க்க வேண்டும். செல்போன் சார்ஜ் ஏற மறுத்தால், பாட்டரியை மாற்றுமுன் சார்ஜர் செருகும் துளைக்குள் சட்டைப்பையின் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கலாம். பழைய கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டில் பல பக்கங்கள் திறக்க மறுத்தால் மூலையில் இருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். உள்ளே காசு அளவில் இருக்கும் 3 வோல்ட் பாட்டரி தீர்ந்து, கம்ப்யூட்டர் பல வருஷம் பின்னால் போயிருக்கலாம். அந்தத் தேதியில் இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது.

சாமான் மாற்றும் காலம்

இவ்வளவு எளிதென்றால் ஏன் ஊரெல்லாம் சாமானை மாற்றுகிறது? மறுபடியும் கூலிக் கணக்குத்தான். சாமான் விற்றால் லாபம் உண்டு. யோசித்தால் லாபம் இல்லை. ஊசியால் குத்திக் குணமாக்கியவரிடம் பேரம் பேசுகிற வாடிக்கைக்காரர், அடுத்த தடவை ஊசியை மறைக்கும்படி அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மேஸ்திரி ஊசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியை நாளைக்கு வந்து எடுத்துக்கொள் என்பார். நாளைக்கு ஒரு பெரிய பெயருள்ள கோளாறும் அதற்கேற்ற பில்லும் தயாராக இருக்கும். நேர்மையானவருக்குக் கிடைக்காத கூலி நேர்மையற்றவருக்குக் கிடைத்துவிடும்.

புதிய வண்டிகளில் நிலைமை இன்னும் சிக்கல். கோளாறைக் கம்ப்யூட்டரே சொல்கிறது. கருவியைச் செருகினால் ஒரு எண் வரும். அந்த எண் ஆக்சிஜன் சென்சாரைக் குறிக்கிறது என்றால் உடனே சென்சாரை மாற்றுவது பலருடைய வழக்கமாகிவிட்டது. புகைபோக்கிக் குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று உள்ளே வந்தாலும் அந்தச் சென்சார்தான் புகார் செய்யும். சேதி சொன்னவனையே குற்றவாளி ஆக்குவது போலத்தான் இது. கருவி எங்கே தேட ஆரம்பிக்கலாம் என்று காட்டும். தேடுவதற்கு மனிதர் வேண்டும்.

செல்போனும் வீட்டுச் சாதனங்களும் ஒட்டி மூடப்பட்டு, திறக்கவே முடியாதபடி வருவதும் கூடிக்கொண்டிருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. உதிரி பாகமும் கையேடும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல காரியம்தான். ஆனால் சட்டத்தால் கையேட்டைக் கொடுக்க முடியும். கேள்வி கேட்கும் மேஸ்திரியை உருவாக்க முடியாது. அவர் பிழைக்க வேண்டுமானால் கேள்விக்கும் கூலி உண்டு என்று வாடிக்கைக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சிறிய காரணத்தை அலட்சியம் செய்வதன் உச்சகட்ட விலையை அமெரிக்கா 1986 ஜனவரி 28ல் கொடுத்தது. சாலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73வது நொடியில் சிதறி 7 பேர் இறந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் விறைத்துப்போய், சூடான வாயு கசிய வழிவிட்டது. விசாரணைக் குழுவில் இருந்த பௌதிக விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெயின்மன், அந்த ரப்பர் துண்டை இடுக்கியில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை என்று எல்லோர் முன்னாலும் காட்டினார். ஒரு டம்ளர் தண்ணீரில் செய்த சோதனை அது. ராக்கெட் தயாரித்த கம்பெனியின் பொறியாளர்கள் முந்தின இரவே, இந்தக் குளிரில் அனுப்ப வேண்டாம், வளையம் தாங்காது என்று வாதாடியிருந்தார்கள். மேலிடம் கேட்கவில்லை. காரணம் யாருக்கும் தெரியாமல் நேர்ந்த விபத்து அல்ல அது. தெரிந்தவர்களின் வார்த்தைக்குப் போதிய மதிப்பு கொடுக்காததால் நேர்ந்தது.

சிவாஜிநகர் சந்தில் யாரும் விண்வெளிக்குப் போவதில்லை. ஆனால் நடுரோட்டில் நின்றுபோகும் வண்டிக்குப் பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருக்கலாம். அந்த வண்டியை நம்பிக் காலையில் காய்கறி ஏற்றிப்போகும் ஒருவருக்கு, இரண்டு நாள் ஒர்க் ஷாப்பில் நின்றால் இரண்டு நாள் அடுப்பு எரியாது. மூடியின் துளை அடைப்பு சின்ன விஷயம். அதைக் கண்டுபிடிக்காமல் விடுவது சின்ன விஷயமல்ல.

எனவே, எவ்வளவு பாய் என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்டு முகம் சுளிப்பதற்கு முன், வாடிக்கைக்காரர் ஒரு காரியம் செய்யலாம். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வரலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது கிலோமீட்டரில் வண்டி இருமாமல் போகும்போது, பையிலிருந்து எடுக்கும் தொகை எவ்வளவு என்று அவருக்கே தெரிந்துவிடும்.